எந்த மாடு லாபம் தருகிறது? ஐந்து எண்களில் கறவைக் கணக்கு

பால் சங்கத்தில் பட்டுவாடா நாளன்று கைக்கு வரும் பணத்தை வைத்துத்தான் நம்மில் பலர் மாட்டின் லாப நட்டத்தை முடிவு செய்கிறோம். பணம் கூடுதலாக வந்தால் மாடு நல்ல மாடு. குறைந்தால் தீவனத்தையோ, சங்கத்தையோ, மாட்டின் சுழியையோ குறை சொல்கிறோம். இரண்டு மாடு கறக்கும் வீட்டில் எந்த மாடு எவ்வளவு கொடுத்தது, எந்த மாடு எவ்வளவு தின்றது என்பது பட்டுவாடாப் பணத்தில் தெரியாது. இரண்டின் பாலும் ஒரே கேனில் கலந்து போய்விடுகிறது.

இதனால் வரும் கேடு சிறியதல்ல. நாலைந்து மாதம் வற்றி நிற்கும் மாட்டைப் பார்த்து மனம் சலித்து, "தண்டத் தீனி" என்று சந்தைக்கு ஓட்டிப் போகிறோம். தரகர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி வேறு மாடு பிடித்து வருகிறோம். வந்த மாடும் ஓர் ஈத்து கழித்து அதே போல வற்றி நிற்கிறது. பழுது மாட்டிலா, நாம் பார்க்கும் முறையிலா என்று அளந்து பார்க்காததால், அதே நட்டம் ஆண்டுக்கு ஆண்டு திரும்ப வருகிறது.

ஒரு குயர் நோட்டும், ஒரு தூக்குத் தராசும், மாதம் ஒரு நாளும் இருந்தால் இதை அளந்துவிடலாம். எதை அளப்பது, எப்படி அளப்பது, அளந்ததை வைத்து என்ன செய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

வெளிநாட்டில் தொடங்கிய வழக்கம்

மாட்டுவாரியாகப் பாலை அளந்து எழுதும் வழக்கம் பெரிய பண்ணைகளில் பிறந்ததல்ல. 1895-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் வேயன் என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து ஒரு பால் பதிவுச் சங்கம் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாடும் கொடுக்கும் பால், அதிலுள்ள கொழுப்பு, மாடு தின்ற தீவனம் ஆகியவற்றைக் குறித்து வைப்பதே அதன் வேலை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், 1890-இல், அமெரிக்காவில் விஸ்கான்சினைச் சேர்ந்த ஸ்டீபன் பாப்காக் என்பவர், பாலில் உள்ள கொழுப்பை எளிதில் கண்டறியும் முறையை வெளியிட்டிருந்தார். அதே காலத்தில் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த கெர்பர் கண்ட முறைதான் நம் நாட்டுப் பால் சங்கங்களில் பல காலம் கையாளப்பட்டது. கண்ணாடிக் குழாயில் அமிலமும் பாலும் விட்டுச் சுழற்றிக் கொழுப்பைப் பார்த்தார்களே, அது அவர் கண்ட முறை. இன்று மின் கருவிகள் வந்துவிட்டன. ஆனால், மாட்டுவாரிக் கணக்கு மட்டும் நம் வீடுகளுக்கு இன்னும் சரியாக வரவில்லை.

மாதம் ஒரு நாள் போதும்

தினமும் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாக அளக்க முடியாது என்று சிலர் சொல்லலாம். அதற்குத் தேவையும் இல்லை. பால் பதிவு செய்வோர் உலகெங்கும் கையாளும் எளிய வழி, மாதத்தில் ஒரு நாள் காலைப் பாலையும் மாலைப் பாலையும் அளந்து கூட்டி, அதை 30-ஆல் பெருக்குவது. அந்த மாதத்தின் பால் ஏறத்தாழ அதுவே.

மாதத்தில் ஒரு தேதியைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் அளக்க வேண்டும். நன்றாகக் கறந்த நாளைத் தேடிப் பிடித்து அளக்கக்கூடாது. மாட்டுக்குக் காய்ச்சல் கண்டாலோ, ஊசி போட்டிருந்தாலோ இரண்டு நாள் தள்ளி அளக்கலாம்.

அளக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். படியிலோ லிட்டரிலோ ஊற்றி அளந்தால் நுரை ஏமாற்றிவிடும். வெறும் வாளியை முதலில் தராசில் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொண்டு, பிறகு பாலோடு தொங்கவிட்டு, வாளி எடையைக் கழிப்பதே சரி. ஒரு லிட்டர் பாலின் எடை ஏறத்தாழ 1 கிலோ 30 கிராம். ஆகவே 10 கிலோ 300 கிராம் பால் என்றால் 10 லிட்டர். உங்கள் சங்கம் கிலோவில் எடுக்கிறதா, லிட்டரில் எடுக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கன்று குடிக்கும் பாலும், வீட்டுக்கு எடுக்கும் பாலும் கணக்கில் சேர வேண்டும். அவையும் அந்த மாடு கொடுத்ததே. அளக்கும் நாளில் மட்டும் முழுவதையும் கறந்து அளந்துவிட்டு, கன்றுக்குரிய பங்கைப் பாட்டிலில் ஊட்டிவிடலாம்.

அன்றைய தினம் ஒவ்வொரு மாட்டின் பாலிலும் சிறிது தனிச் சீசாவில் எடுத்துப் போய், கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் பார்த்துத் தரும்படி சங்கச் செயலாளரைக் கேளுங்கள். கலந்த பாலின் சீட்டை வைத்து எந்த மாட்டின் பால் தரம் குறைந்தது என்று சொல்ல முடியாது. மடியில் கடைசியாக இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதைக் கன்றுக்கு விட்டுவிட்டு முன் பாலைச் சங்கத்துக்கு ஊற்றுவோர், கொழுப்புக் குறைகிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

இரண்டு மாடுகளின் கதை

இனி ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு வீட்டில் செவலை, கறுப்பி என்று இரண்டு கலப்பினப் பசுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் மூன்றாம் ஈத்து. மாதம் ஒரு நாள் அளந்த பால், லிட்டர் கணக்கில் இப்படி இருக்கிறது.

செவலை: 11, 14, 13, 12, 11, 10, 9, 8, 7, 6, 5, 4, 3. ஆக 13 மாதக் கறவை. கூட்டினால் 113. அதை 30-ஆல் பெருக்க 3,390 லிட்டர்.

கறுப்பி: 9, 10, 10, 9, 9, 8, 8, 7, 6, 5, 4. ஆக 11 மாதக் கறவை. கூட்டினால் 85. அதை 30-ஆல் பெருக்க 2,550 லிட்டர்.

இவ்வளவோடு நிறுத்தினால் செவலையே சிறந்த மாடு என்று தோன்றும். உச்சத்தில் 14 லிட்டர் கறந்தது. மொத்தத்திலும் 840 லிட்டர் கூடுதல். சந்தையிலும் செவலைக்குத்தான் விலை அதிகம் கேட்பார்கள்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தப் பால் எத்தனை நாளைக்கு? கறக்கும் நாளை மட்டும் எண்ணக்கூடாது. ஒரு கன்று ஈன்ற நாள் முதல் அடுத்த கன்று ஈனும் நாள் வரை மாடு நம் கொட்டகையில்தான் நிற்கிறது. கறந்தாலும் கறக்காவிட்டாலும் தின்கிறது. இந்த நாட்களை ஈத்து இடைவெளி என்கிறோம். மொத்தப் பாலை இந்த நாட்களால் வகுக்க வேண்டும்.

செவலை அடுத்த கன்று ஈன 540 நாள் ஆனது. கறவை 390 நாள், வற்றி நின்றது 150 நாள். 3,390 லிட்டரை 540-ஆல் வகுத்தால் நாளுக்கு 6.28 லிட்டர்.

கறுப்பிக்கு 390 நாள் ஆனது. கறவை 330 நாள், வற்றி நின்றது 60 நாள். 2,550 லிட்டரை 390-ஆல் வகுத்தால் நாளுக்கு 6.54 லிட்டர்.

பத்து லிட்டர் மாடு பதினான்கு லிட்டர் மாட்டை முந்திவிட்டது. இதோடு, ஆறு ஆண்டுகளில் செவலை 4 கன்றும், கறுப்பி 5 கன்றுக்கு மேலும் போடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிடாரிக் கன்று பிறந்தால் அது தனி வரவு.

ரூபாயில் பார்த்தால்

விலைவாசி ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் வழியைக் காட்ட மட்டும் இந்த விலைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடலாம்.

மாட்டின் உடலைக் காக்க நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம். கிலோ 30 ரூபாய் என்றால் 45 ரூபாய். பசுந்தீவனம், வைக்கோல், சோளத்தட்டை வகைக்கு 45 ரூபாய். ஆள் வேலை, மருந்து முதலியவற்றுக்கு 30 ரூபாய். ஆக, கறந்தாலும் கறக்காவிட்டாலும் நாள் செலவு 120 ரூபாய். சொந்த வயலில் அறுத்த புல்லுக்கும், வீட்டுப் பெண்களின் உழைப்புக்கும் விலை போடாமல் விடுவது தவறு. அந்தப் புல்லை விற்றால் காசு. அந்த நேரத்தில் கூலிக்குப் போனாலும் காசு.

இதற்கு மேல், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் தர வேண்டும். அப்படியானால் லிட்டருக்கு 12 ரூபாய். பால் விலை லிட்டருக்கு 36 ரூபாய் என்றால், லிட்டருக்கு மிஞ்சுவது 24 ரூபாய்.

செவலை: 3,390 லிட்டருக்கு 24 ரூபாய் வீதம் 81,360 ரூபாய். 540 நாள் செலவு 64,800 ரூபாய். மிச்சம் 16,560. நாளுக்கு ஏறத்தாழ 31 ரூபாய்.

கறுப்பி: 2,550 லிட்டருக்கு 24 ரூபாய் வீதம் 61,200 ரூபாய். 390 நாள் செலவு 46,800 ரூபாய். மிச்சம் 14,400. நாளுக்கு ஏறத்தாழ 37 ரூபாய்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. நாள் செலவு 120 ரூபாயை, லிட்டருக்கு மிஞ்சும் 24 ரூபாயால் வகுத்தால் 5 லிட்டர் வரும். இந்த விலைகளில் 5 லிட்டருக்குக் குறைவாகக் கறக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மாடு தன் செலவைத் தானே தாங்கவில்லை. செவலை கடைசி இரண்டு மாதமும் 4 லிட்டர், 3 லிட்டர் என்று கறந்ததைப் பார்த்து, "பரவாயில்லை, இன்னும் கறக்கிறதே" என்று எண்ணியிருப்போம். உண்மையில் அந்த 60 நாளும், அதன் பின் 150 நாளும் கைக்காசு போயிற்று.

அப்படியானால் செவலையை விற்றுவிடலாமா?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மேலே கண்ட கணக்கு முடிவை மட்டுமே சொல்கிறது. காரணத்தைச் சொல்லவில்லை. நெல் விளைச்சல் குறைந்தால் விதையா, தண்ணீரா, உரமா, பூச்சியா என்று பார்க்காமல் நிலத்தையே விற்பதுண்டா? மாடு வளர்ப்பும் அப்படித்தான். கன்று ஈனுவது முதல் அடுத்த கன்று வரை பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் ஓர் அளவு உண்டு. எந்தப் படியில் நாட்கள் ஒழுகிப் போயின என்று பார்க்க வேண்டும்.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். இதை நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஈத்து இடைவெளி நீண்டால், அது ஈன்றதற்கும் மறுபடி சினை பிடித்ததற்கும் இடையே உள்ள நாட்களால்தான் நீள்கிறது. செவலையின் 540 நாளில் 280-ஐக் கழித்தால் 260. அதாவது ஈன்று 260-ஆம் நாள்தான் சினை பிடித்திருக்கிறது. கறுப்பிக்கு 110-ஆம் நாளிலேயே பிடித்துவிட்டது.

ஈன்ற பின் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஓய்வு வேண்டும். அதனால் 60 நாள் வரை காத்திருப்பது முறை. அதன் பின் பருவத்துக்கு வந்ததும் சினை ஊசி போட்டு, 85 முதல் 120 நாளுக்குள் சினை பிடித்துவிட்டால், ஈத்து இடைவெளி 12 முதல் 13 மாதத்தில் அடங்கும்.

பருவத் தேதிகள் பேசும்

செவலைக்குச் சினை ஊசி போட்ட தேதிகளை ஈன்ற நாளிலிருந்து எண்ணி எழுதினால் இப்படி வருகிறது என்று கொள்வோம்: 71, 113, 176, 197, 260. ஐந்தாவது ஊசியில் சினை பிடித்தது.

சினை பிடிக்காத பசு சராசரி 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். 18 முதல் 24 நாள் வரை இருந்தால் இயல்பு. இப்போது இடைவெளிகளைப் பாருங்கள். 71-லிருந்து 113 வரை 42 நாள். 113-லிருந்து 176 வரை 63 நாள். 176-லிருந்து 197 வரை 21 நாள். 197-லிருந்து 260 வரை 63 நாள். 42 என்பது இரண்டு 21. நடுவில் ஒரு பருவம் வந்து, யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது. 63 என்பது மூன்று 21. நடுவில் இரண்டு பருவம் போயிருக்கிறது. கூட்டினால் ஐந்து பருவங்கள் தவறிவிட்டன. ஐந்து பருவத்துக்கு 105 நாள். நாளுக்கு 120 ரூபாய் வீதம் 12,600 ரூபாய் தீவனமும் உழைப்பும் அந்த நாட்களில் கழிந்தன.

மாட்டில் பெரிய பழுது இல்லை. பருவத்தைக் கவனிப்பதில்தான் பழுது. இதை நோட்டுச் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அந்த ஐந்து பருவங்களும் கண்ணில் பட்டு, அதே ஐந்தாவது ஊசியில் 155-ஆம் நாள் சினை பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஈத்து இடைவெளி 435 நாள். 12 மாதம் கறந்து 75 நாள் வற்றவிட்டால், பால் 3,300 லிட்டர். நாளுக்கு 7.59 லிட்டர். மிச்சம் 27,000 ரூபாய். நாளுக்கு 62 ரூபாய். தீவனம் மாறவில்லை, மாடு மாறவில்லை, பால் விலையும் மாறவில்லை. ஆனாலும் நாள் வருமானம் 31-லிருந்து 62 ஆகிறது. சந்தைக்குப் போக இருந்த மாடு, வீட்டின் முதல் மாடாகிவிடுகிறது.

ஐந்து எண்கள்

நோட்டில் மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே மாட்டின் அடையாளம், எத்தனையாவது ஈத்து, ஈன்ற தேதி ஆகியவற்றை எழுதுங்கள். கீழே இந்த ஐந்து எண்களை மட்டும் கவனித்தால் போதும்.

1. ஈத்து இடைவெளி நாளுக்குச் சராசரிப் பால். இதுவே முடிவான அளவு. சினை உறுதியானதும், கடைசி ஊசி போட்ட தேதியோடு 280 நாளைக் கூட்டினால் ஈனும் தேதி கிடைக்கும். ஒன்பது மாதமும் ஒரு வாரமும் என்று நினைவில் வைக்கலாம். ஜனவரி 1-இல் ஊசி போட்டால் அக்டோபர் 8 வாக்கில் ஈனும். எருமைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள்.

2. ஈன்றது முதல் முதல் பருவம் வரை நாட்கள். 60 நாள் தாண்டியும் பருவம் தென்படாவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நாம் பார்க்கவில்லை. மற்றொன்று, மாட்டின் உடல் கரைந்திருக்கிறது. உச்சப் பால் கறக்கும் நாளில் போதிய தீனி இல்லாவிட்டால் மாடு தன் உடலைக் கரைத்துப் பால் கொடுக்கும், பருவத்துக்கு வராது. விலா எலும்பு தெரிகிறதா என்று பாருங்கள். தீவனத்தைக் கூட்டி, தாது உப்புக் கலவையைத் தினமும் கொடுங்கள். ஈன்றபோது நஞ்சுக்கொடி தங்கியிருந்தாலோ, நாற்றமுள்ள திரவம் வடிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

3. இரண்டு பருவங்களுக்கு இடையே உள்ள நாட்கள். 18 முதல் 24 என்றால் கவனிப்பு நன்று. 42, 63 என்று இரட்டையாக, மும்மடங்காக வந்தால் பெரும்பாலும் பருவம் தவறுகிறது. 25-க்கும் 35-க்கும் இடையே முறை தவறி வந்தால், பிடித்த கரு கலைந்திருக்கவும் கூடும். இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி போடாவிட்டாலும் பருவத் தேதியை எழுதுவது அவசியம்.

4. ஒரு சினைக்கு எத்தனை ஊசி. ஒன்று அல்லது இரண்டில் பிடித்தால் நல்லது. இடைவெளி சரியாக 21 நாளாக இருந்தும், மூன்று ஊசிக்கு மேல் பிடிக்காவிட்டால் நாலாவது ஊசிக்குப் பணம் கொடுக்கும் முன் மாட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊசி போடும் நேரமும் முக்கியம். காலையில் பருவம் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் போடுவது வழக்கமான முறை. ஊசி போட்டு 60 முதல் 90 நாளுக்குள் சினைப் பரிசோதனை செய்துவிட வேண்டும். "திரும்பப் பருவம் காணவில்லை, அதனால் சினைதான்" என்று நம்பி ஐந்து மாதம் இருந்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

5. வற்றுக்கால நாட்கள். 60 நாள் போதும். 45 நாளுக்கும் குறைந்தால் மடிக்கு ஓய்வு கிடைக்காது, அடுத்த ஈத்தில் பால் குறையும். 100 நாளைத் தாண்டினால், சினை தாமதமாகப் பிடித்தது என்று பொருள். மேலே இரண்டாம், மூன்றாம், நான்காம் எண்களைப் பார்த்தால் காரணம் கிடைக்கும்.

பருவத்தைத் தவறவிடாமல் இருக்க

பருவம் ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம்தான் இருக்கும். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் அறிகுறிகள் நன்கு தெரியும். நாம் மாட்டைப் பார்க்கும் நேரமோ கறக்கும் நேரமும் தீனி வைக்கும் நேரமும் மட்டுமே. விடியும் முன் ஒரு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை, கால் மணி நேரம் வேறு வேலை இல்லாமல் மாட்டைப் பாருங்கள்.

ஓயாமல் கத்துதல், தீனியில் நாட்டமின்மை, பால் திடீரென்று குறைதல், அடிக்கடி சிறுநீர் விடுதல், மற்ற மாட்டின் மேல் தாவுதல், மற்ற மாடு தாவும்போது அசையாமல் நிற்றல், கண்ணாடி போன்ற தெளிந்த திரவம் நூலாகத் தொங்குதல் ஆகியவை அறிகுறிகள். எப்போதும் ஒற்றையாகக் கட்டிக் கிடக்கும் மாட்டில் தாவுதல் தெரியாது. அதனால் தினமும் சிறிது நேரம் அவிழ்த்துவிடுவது நல்லது. எருமைகள் கோடையில் சத்தமில்லாமல் பருவத்துக்கு வந்து போகும். அவற்றை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

ஒரு பருவம் கண்ட தேதியோடு 18 நாளைக் கூட்டி நாட்காட்டியில் ஒரு வட்டம் போடுங்கள். அந்த நாள் முதல் ஒரு வாரம் விழிப்பாக இருங்கள். வீட்டில் மாட்டைப் பார்ப்பது பெரும்பாலும் பெண்களே. நாட்காட்டி அவர்கள் கண்ணில் படும் இடத்தில் தொங்க வேண்டும். தேதியை எழுதும் வேலையும் அவர்களிடமே இருக்கட்டும்.

அளப்பதில் வரும் தவறுகள்

முதல் ஈத்துக் கிடாரியை மூன்றாம் ஈத்துப் பசுவோடு ஒப்பிடக்கூடாது. மாடு மூன்று, நான்கு ஈத்துக்குப் பிறகே தன் முழுத் திறனைக் காட்டும். சித்திரை வெயிலில் அளந்ததை ஐப்பசி மழையில் அளந்ததோடு ஒப்பிட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அந்த மாட்டின் போன ஈத்தோடு இந்த ஈத்தை ஒப்பிடுவதே முறை.

ஓர் எண்ணை மட்டும் துரத்துவதும் ஆபத்து. லிட்டர் மட்டுமே குறி என்று கன்றின் பாலைக் குறைத்தால் கிடாரி தேறாது. தீவனச் செலவு மட்டுமே குறி என்று புண்ணாக்கைக் குறைத்தால் முதலில் பாலும், பிறகு பருவமும் போகும். ஊசி எண்ணிக்கை குறைய வேண்டும் என்று பருவம் கண்டும் போடாமல் விட்டால் நாள்தான் வீணாகும். ஐந்து எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எழுதிய கணக்கைச் சங்கச் சீட்டோடு சரிபாருங்கள். அளந்த நாளின் மொத்தப் பாலில் வீட்டுப் பாலையும் கன்றின் பாலையும் கழித்தால், அன்று சங்கத்துக்கு ஊற்றிய பால் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ அளவு பிசகுகிறது. வீட்டுத் தராசைப் பார்த்த பிறகு சங்கத்தில் கேட்கலாம். கையில் கணக்கு இருப்பவர் கேட்கும் கேள்விக்கு மதிப்பு உண்டு.

எப்போது விற்பது?

விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. பருவத்தைத் தவறாமல் பார்த்தும், தீனி சரியாகக் கொடுத்தும், மருத்துவர் பார்த்துச் சிகிச்சை செய்தும் சினை பிடிக்காத மாடு, மடிநோயால் காம்புகள் கெட்டுப்போன மாடு, இரண்டு ஈத்து எழுதிப் பார்த்தும் நாள் சராசரி செலவுக்குக் கட்டாத மாடு ஆகியவற்றைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவு நோட்டைப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கட்டும். மாடு வாங்கும்போதும் உச்சப் பால் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், போன ஈத்துக்கும் இந்த ஈத்துக்கும் எத்தனை மாதம் என்று கேளுங்கள். ஊசி போட்ட சீட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இப்போது கொட்டகையில் நிற்கும் மாட்டிலிருந்தே தொடங்கலாம். ஈன்ற தேதி நினைவில் இருக்கும், கடைசியாக ஊசி போட்ட தேதி சீட்டில் இருக்கும். அந்த இரண்டையும் இன்று இரவே நோட்டில் எழுதி, இடையே உள்ள நாட்களை எண்ணிப் பாருங்கள். 120 நாளுக்கு மேல் இருந்தால், எந்தப் படியில் நாள் போயிற்று என்று வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அடுத்த பருவத்துக்கு நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.